ஆடிக்காற்றும் ஆலநிழலும்

ஐம்பூதங்களுள் ஓவியனுடைய கைக்கு நேரே அகப்படுவன மூன்றே. வானுக்கு ஓசை ஒன்றே குணம். வளிக்கு ஓசையும் ஊறும். தீக்கு அவற்றோடு உருவமும். நீருக்கு அவற்றோடு சுவையும். நிலத்துக்கு அவை நான்கனோடு நாற்றமும் குணமாம் என்பது நூல்வழக்கு. கண்ணாற் காணப்படும் உருவம் தீயிலிருந்தே தொடங்குகின்றது. ஆகவே வானும் வளியும் ஓவியனுக்கு எட்டாப் பொருள்களாய் நிற்கின்றன. ஆயினும் இயற்கையிற் காணப்படும் பெரிய முரண்கள் யாவற்றிலும் தலைமை இவ்விரண்டுக்குமே உண்டு. மழையைக் கொணர்வதும் அதனைத் துரத்துவதும் வளி. வெயிலும் முகிலும் போர் செய்யுங் களம் வான். காணவொண்ணாத இவ்விரண்டனையும் விடுத்துக் காணத்தக்க மூன்றனை மட்டும் தீட்டினால், அவ்வோவியம் உயிர் நீங்கிய உடலையே ஒக்கும். முரணிய ஆற்றல்களை ஒரு நிலக்காட்சியில் ஒருங்கு வைத்துக் காட்டப் புகுந்த ஓவியர் அனைவர்க்கும் நேர்ந்த இடர்ப்பாடு இதுவே.

இதனைக் கண்கூடாக உணரவேண்டுவார் ஆனி, ஆடித் திங்கள்களிற் குண்டடத்துக்குச் சென்று காண்பாராக. பல்லடத்தினின்று தாராபுரம் செல்லும் பெருவழியில், வடுகநாதராகிய பைரவர் வழிபாட்டாற் பெயர்பெற்ற ஊர் அது. பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த திருப்பூர் சிறிது தொலைவில் இரவும் பகலும் ஓயாது இயங்க, குண்டடத்தைச் சூழ்ந்த நிலமோ இன்னும் பெரும்பகுதி மேய்ச்சற்காடாகவே பரந்து கிடக்கின்றது. கொறங்காடு என்பது அதற்கு அந்நாட்டார் வழங்கும் பெயர். நாற்புறமும் முட்கிளுவை வேலி. உள்ளே இடையிட்டு நிற்கும் வெள்வேல மரங்கள். அவற்றின் அடியிற் கொழுக்கட்டைப் புல். அப்புல்லை மேயும் காங்கயம் மாடுகள். இவ்வளவே அந்நிலத்தின் செல்வம். புல் இவ்வாண்டு தளிர்க்குமா என்பதே அங்குள்ளார் வாழ்வின் பெருவினா.

ஆனி பிறந்ததும் மேற்றிசையினின்று காற்று எழும். மலைநாட்டுக் கடலில் நீருண்ட முகில்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, தம் சுமையின் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவிடுகின்றன. மலையைக் கடந்து கீழிறங்குங் காற்று வெம்மையுற்று உலர்ந்துபோகின்றது. அம்மலைத்தொடரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பிளந்துகிடக்கும் பாலக்காட்டுக் கணவாயோ, அக்காற்றை ஒரு வாய்க்காலிற் செலுத்துவதுபோலக் கொங்குநாட்டின்மேற் செலுத்துகின்றது. ஆதலின் ஆடியிற் குண்டடத்தில் தலைக்குமேல் முகில் கருத்துச் செல்லும். காலடியில் நிலம் வெளுத்துக் கிடக்கும். மழையைக் கொண்டுவருங் காற்றே மழையைக் கொண்டுபோகின்றது. அப்பகுதிக்குரிய மழையிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்க்காற்றால் வரவேண்டுவது. அதுவரை முகிலைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருத்தலே உழவன் தொழில். இதனினும் வியப்பொன்றுண்டு. காற்று மறுத்த அந்நீரே, அம்மேற்குமலைகளிற் பிறக்கும் அமராவதியாய்த் தாராபுரத்தின் ஓரமாக ஓடிவருகின்றது. வானத்தின் வழியாக வாராத நீர் நிலத்தின் வழியாக வருகின்றது.

அக்காற்றைக் கண்டவர் எவர்? வெள்வேலங்கிளை கிழக்கு நோக்கி வளைந்திருத்தலைக் காண்கிறோம்; புழுதி ஓடுதலைக் காண்கிறோம்; மாடுகள் காற்றுக்கு முதுகு காட்டி நிற்றலைக் காண்கிறோம். அண்மையாண்டுகளிற் காடெங்கும் நடப்பெற்ற காற்றாலைகளின் மூவிதழ் சுழலுதலையும் காண்கிறோம். இவை யாவும் காற்றின் அடிச்சுவடுகளேயன்றிக் காற்று அன்று.

அப்பகுதிச் சிற்றூரொன்றிற் பிறந்து, சித்திர ஆசிரியராய்த் தொண்டாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இக்காட்சியைத் திரைச்சீலையில் தீட்ட முயன்றார். இடப்பாதியிற் கருமுகில், வலப்பாதியில் வெயில் காயுங் கொறங்காடு, நடுவே இரண்டனையும் பிரித்து நிற்கும் ஒரு வெள்வேலமரம். இவ்வாறு அவர் அமைத்திருந்தார். வண்ணங்கள் நன்கு பொருந்தியிருந்தன. அதனைக் காண வந்த அண்டைக்காட்டு உழவர் நெடுநேரம் நோக்கிவிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, இந்த மோடம் பேயுமுங்களா, பேயாதுங்களா?" என்று வினவினார்.

"அதையெப்படீங்க சொல்றது? படந்தானுங்களே" என்றார் ஆசிரியர்.

"படமா இருந்தாலும் மாட்டுக்குப் புல்லு வேணுமில்லீங்க" என்று சொல்லி உழவர் எழுந்து போயினார்.

இது நகைத்துத் தள்ளத்தக்க சொல்லன்று. நகரத்திலிருந்து வருபவர்க்கு முகிலும் வெயிலும் எதிர்நிற்றல் கண்ணுக்கு விருந்து. அந்நிலத்தில் வாழ்வார்க்கோ அது தீர்ப்புச் சொல்லப்படாத வழக்கு. கடனும், கன்றும், மகள் திருமணமும் அத்தீர்ப்பை நோக்கிக் கிடக்கின்றன. முரணைத் தீட்டும் ஓவியன் அவ்வழக்கில் யார் பக்கம் நிற்கின்றான் என்பதே உழவர் வினாவின் பொருள். ஒரு பக்கமும் நில்லாமல் இரண்டு வண்ணங்களை எதிரெதிரே வைத்து அழகு பார்த்தல், துன்புறுவார் நடுவே அமர்ந்து சொல்லணி ஆராய்வதனை ஒக்கும்.

ஆசிரியர் அவ்வமைப்பைத் தாமே கண்டறிந்தாரல்லர். அமெரிக்க ஓவியர் தாமஸ் கோல் என்பார் 1836-இல் தீட்டிய ஓவியத்தின் அச்சுப்படியொன்றை அவர் முன்னர்க் கண்டிருந்தார். ஹோலியோக் மலையுச்சியினின்று கனெக்டிகட் ஆற்றை நோக்குங் காட்சி அது. மாட்டின் கழுத்தில் நுகத்தோடு பூட்டும் வளைகோல்போல் ஆறு அங்கு வளைந்து செல்லுகின்றது. இடப்பக்கம் இடிபுயலும், முறிந்த மரமும், கொடுங்காடும். வலப்பக்கம் வெயிலும், கழனியும், வீடுகளும். இரண்டன் இடையே, பாறைக்கிடையிற் சிறு உருவாக ஓவியர் தம்மையும் தீட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்கின்றார். நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்திலுள்ள இவ்வோவியத்தின் திறமையை மறுத்தற்கில்லை. ஆயின் அங்கு வழக்கு முடிந்துவிட்டது. புயல் விலகிக்கொண்டிருக்கின்றது, கழனி வென்றுவிட்டது. தம் நாட்டிற் காடு திருத்திக் குடியேறியவர்களின் காலத்துக்கு அத்தீர்ப்பு ஏற்றதாயிருக்கலாம். ஆடிமாதக் குண்டடத்துக்கு அது பொருந்தாது. ஆங்கிலவோவியர் டர்னர் 1842-இற் காட்சிக்கு வைத்த பனிப்புயல் ஓவியம் இதற்கு நேர்மாறானது. அதிற் கடலும் வானும் புகையும் ஒரே சுழலாகிவிட்டன, நடுவில் நீராவிக் கப்பலொன்று தத்தளிக்கின்றது. அங்கே தீர்ப்புச் சொல்ல எவரும் இல்லை.

சீனநாட்டார் வழி வேறு. நிலக்காட்சி ஓவியத்துக்கு அவர் மொழியிற் பெயரே 'மலையும் நீரும்' என்பது. நில்லாதது ஒன்று, நிலைத்தது ஒன்று. இரண்டும் சேர்ந்தாலன்றி நிலம் இல்லையென்பது அப்பெயரிலேயே அடங்கிக் கிடக்கின்றது. பான் குவான் என்னும் ஓவியர் கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்திற் பட்டின்மேல் தீட்டிய நெடிய ஓவியம் தைபே அரண்மனைக் கலைக்கூடத்தில் இன்றும் உள்ளது. இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரமுடைய அதன் மேற்பகுதி முழுவதையும் ஒரே கருமலை அடைத்துக்கொண்டு நிற்கின்றது. மலையின் பிளவில் நூலிழைபோல ஓர் அருவி விழுகின்றது. அடியிற் பாறைகளினூடே பொதிசுமந்த விலங்குகளை ஓட்டிக்கொண்டு எறும்பளவாக மாந்தர் செல்லுகின்றனர். மலைக்கும் மாந்தர்க்கும் இடையே ஒன்றும் தீட்டப்படவில்லை. பட்டு வெறுமையாக விடப்பட்டிருக்கின்றது. அவ்வெறுமையே பனிமூட்டம். உருவமற்ற வானையும் வளியையும் தீட்டும் வழி யாதென்று மேலே எழுப்பிய வினாவுக்கு அவர் கண்ட விடை, தீட்டாமல் விடுதல் என்பதே. அவ்வோவியர் தம் பெயரை விலங்குகள் செல்லும் வழியருகே இலைகளிடையே மறைத்து எழுதியிருந்தார். அதனைக் கற்றோர் கண்டுபிடித்தது 1958-இல். மலைக்கு முன் தம் பெயரைச் சிறிதாக்கிக்கொண்ட அடக்கம் போற்றத்தக்கது.

அவர் வாழ்ந்த நாளிலேதான் தஞ்சையில் இராசராசேச்சுரம் எழுந்தது. 1010-இல் அதன் விமானத்துக்குப் பொற்கலசம் ஏறியது. இராசராசன் விடுத்த தூதுக்குழு சீனப்பேரரசரின் அவையை அடைந்தது 1015-இல். அத்தூதர் பான் குவானின் மலையைக் கண்டிருத்தல் அரிது. சீனரும் தஞ்சைச் சுவரைக் கண்டிலர். ஒரே தலைமுறையில் இரு நாட்டார் ஒரே வினாவுக்குத் தனித்தனியே விடைதேடினர் என்பதே கருதத்தக்கது.

தஞ்சைச் சுவர் விமானத்தின் அகத்தே உள்ளது. கருவறையைச் சூழ இரட்டைச் சுவர் எழுப்பி, இடையே ஒரு சுற்றுவழி விட்டிருக்கின்றனர். அதன் மேல்தளச் சுற்றிலே இறைவன் ஆடும் கரணங்கள் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. 108-இல் 81 முற்றுப்பெற்றவை. கீழ்த்தளச் சுற்றில் ஓவியங்கள். பகலிலும் இருள் செறிந்த அவ்விடத்தில் விளக்கின் துணையின்றி நுண்ணிய கோடு வரைதல் இயலாது. அவ்விருளிலேதான் அவ்வோவியர் ஒரு காட்டைத் தீட்டினர். ஞாயிற்றின் கதிர் புகாத இடத்திற் பெரியதோர் ஆலமரம் தழைத்து நிற்கின்றது. கிளையிலும் தழையிலும் பறவை விலங்குகளின் அசைவு, சூழவும் முனிவர், அடியிலே ஆலமர்செல்வன்.

அவ்வமைப்பை நோக்குமின். இடப்பாதி வலப்பாதி என்ற பிரிவு இங்கில்லை. முரண்களெல்லாம் ஒரு நடுவைச் சுற்றி அமைகின்றன. ஓடுவதும் ஊர்வதும் பறப்பதும் ஒருபுறமாகத் தள்ளப்படாமல், அசையாத ஒன்றனைச் சூழ்ந்து அதனாலேயே பொருள் பெறுகின்றன. அசைவுக்கு அளவுகோல் அசையாமை. காற்றின் விரைவைக் காட்டுதற்குக் கிளை வளைதலை மட்டுந் தீட்டுதல் போதாது; வளையாத அடிமரத்தையும் தீட்டவேண்டும். சடையிலே நீரும் கையிலே தீயும் ஒருவனே ஏந்தி நிற்றலைக் கண்டு தொழுதவர்க்கு இவ்வமைப்பு கற்றுக்கொடுக்க வேண்டுவதன்று; நீர் தீயை அவித்ததென்றும், தீ நீரை வற்றச்செய்ததென்றும் அங்கே எவரும் கேட்பதில்லை.

அதே சுற்றில் முப்புரம் எரித்த கோலமும் உள்ளது. அங்கு நிலக்காட்சி இல்லை, போர்க்காட்சியே உண்டு. நான்முகன் தேரூர, எண்டோள் இறைவன் தேர்மேல் வில்லேந்தி நிற்கின்றான். மூத்த பிள்ளையாரும், மயிலூர்ந்த முருகனும், சிங்கத்தின்மேற் காளியும் உடன் வருகின்றனர். எதிரே அவுணர் கூட்டம் கொதித்தெழ, அவர்தம் மகளிர் அவரைப் பற்றிக்கொண்டு அஞ்சி நிற்கின்றனர். அம்மகளிரைத் தீட்டிய கைக்குத் தலைவணங்கல் தகும். தோற்கப்போகும் பக்கத்தின் அச்சத்தை இத்துணை இரக்கத்தோடு தீட்டவேண்டிய கட்டாயம் அவ்வோவியனுக்கு இல்லை. வெற்றி யாருடையது என்பது யாவரும் அறிந்த கதையே. ஆயினும் எரியப்போகும் ஊரில் வாழ்ந்தவரை அவன் மறந்திலன். குண்டடத்து உழவர் ஆசிரியரிடம் வேண்டியதும் ஏறத்தாழ இதுவே.

இனி அச்சுவரின் ஆக்கத்தைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஓவியத்தினும் அதன் பூச்சில் ஐம்பூதப் போர் தெளிவாக விளங்குகின்றது. சுண்ணாம்புக்கல் நிலத்தின் பொருள். அது காளவாயிற் சுடப்பெற்று, உள்ளிருந்த கரியமிலவாயுவை இழக்கின்றது. பின் நீர் தெளிக்க, கொதித்துப் பொங்கி நீறாகின்றது. தீ உட்புகுந்து ஒளிந்திருந்து நீரைக் கண்டதும் வெளிப்படுவது போலும். அந்நீற்றைக் குழைத்துச் சுவரிற் பூசி, ஈரம் புலர்வதற்கு முன்னரே வண்ணம் இடவேண்டும். ஈரம் ஆறுங்கால், சுண்ணாம்பு தான் இழந்த அவ்வாயுவைக் காற்றினின்று மீண்டும் உண்டு கல்லாகின்றது; வண்ணமும் அக்கல்லினுட் சிறைப்படுகின்றது. பசை எதுவும் வேண்டுவதில்லை. கல்லாய் இருந்தது, தீயாலும் நீராலும் உருக்குலைந்து, காற்றால் மீண்டும் கல்லாயிற்று. இடையிற் கிடைத்த சிறுபொழுதே ஓவியனுக்கு உரியது. பிழையிட்டால் அழித்துத் திருத்த இடமில்லை. தஞ்சைச் சோழர் ஓவியம் இம்முறையில் ஆனதே எனச் சென்னை அரசினர் பொருட்காட்சிச்சாலையின் வேதியியல் அறிஞர் சு. பரமசிவன் 1930-களில் ஆராய்ந்து வெளியிட்டார்.

வண்ணத்துக்கும் நீருக்கும் உள்ள உறவு எங்கும் இவ்வாறு இனிதாய் முடிவதில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலாற்றைக் கெடுத்து உழவரை வருத்தியதும், 2011-இற் சென்னை உயர்நீதிமன்றம் அப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் அந்நாட்டார் மறவாத செய்திகள்.

சோழர் ஓவியம் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. தஞ்சை நாயக்கர் காலத்தில் அதன்மேல் வேறொரு சுண்ணப்பூச்சு இட்டு, அப்பூச்சின்மேற் புதிய ஓவியம் தீட்டினர். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அச்சுற்றுட் புகுந்து, மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்த பழைய ஓவியத்தைக் கண்டார். நாயக்கர் பூச்சைப் பழித்துரைப்பார் உளர். அது நேரிய கூற்றன்று. நூற்றாண்டுகள் பலவற்றின் விளக்குப்புகையும் கைபடுதலும் மேற்பூச்சின்மேலேயே படிந்தன. மறைத்தலும் அருளின் தொழிலே எனச் சைவநூலார் கூறுவது இங்குப் பொருந்தக் காண்கிறோம். பிற்காலத்தே தொல்லியல் துறையினர், நாயக்கர் ஓவியத்தை அழியாமற் பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளிற் பதித்துத் தனியே காத்துள்ளனர். மறைத்ததும் மறைக்கப்பட்டதும் இரண்டும் உய்ந்தன.

எல்லா ஊருக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயில்கள் பலவற்றின் மண்டப விதானங்களிலும் சுவர்களிலும் ஓவியம் இருந்தது. திருப்பணி தொடங்கும்போது முதற்பலியாவது அதுவே. குடமுழுக்கு நாள் குறித்தாயிற்று, கோயில் புதுமையாய்த் தோன்றவேண்டும் என்ற விரைவில், ஒருபால் மணல்வீச்சு, மற்றொருபால் வெள்ளையடிப்பு, அதன்மேல் மினுக்கும் எனாமல் வண்ணம். ஓவியத்தைப் பிடித்துவைத்த அதே சுண்ணாம்புதான் அதனைப் புதைக்கவும் செய்கின்றது. செய்வோர் பகைவரல்லர்; பெரும்பாலும் அன்புமிக்க அடியார்களே. தம் ஊர்ச் சுவரில் இருந்த காடு யாது, அதில் எம்மரம் நின்றது, மழை பெய்ததா என்று கேட்க இனி எவருக்கும் வழியில்லை என்பதை அவர் எண்ணிப்பாராமையே குறை. கொங்குநாட்டு மேய்ச்சற்காட்டைப் பண்டை ஓவியன் ஒருவன் எங்கேனும் தீட்டியிருந்தால், அதுவும் இவ்வாறு வெள்ளைக்கடியிற் கிடக்கலாம்.

செலவில்லாத ஓர் ஆய்வு உண்டு. வெள்ளையடிக்க ஆளமர்த்துமுன், இருள் வந்தபின் மண்டபத்துட் புகுந்து, ஒரு விளக்கைச் சுவருக்கு நேரே பிடியாமல் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டிற் பிடித்தல் வேண்டும். நேரொளியில் தட்டையாய்த் தோன்றும் சுவரில், சாய்ந்த ஒளி படுங்கால், பழம்பூச்சின் விளிம்பும், பொருக்குவிட்ட இடமும், கீறிய கோட்டின் தடமும் நிழல் விட்டுத் தெரியும். தெரிந்தால் நகத்தாலும் சுரண்டலாகாது. நீர் விட்டுத் துடைத்தலும் ஆகாது. அவ்விடத்தைச் சுற்றிக் கரியால் ஒரு கோடிட்டு, ஒளிப்படம் எடுத்து, தொல்லியல் துறைக்கு எழுதிவிட்டு, விடை வருமளவும் அச்சுவரை விட்டு மற்றச் சுவர்களுக்கு வெள்ளையடிக்கலாம்.